தாமதித்து வந்த தங்கம்: துனிசிய ஓட்ட வீராங்கனை ஹபீபா கரீபியின் வரலாறு

2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், துனிசியாவின் தலைநகர் துனிஸை ஒட்டிய ராதெஸ் நகரில் ஒரு பெண்மணிக்கு இரண்டு தங்கப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, 2011இல் தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டிக்குரியது. மற்றொன்று, 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்குரியது. முதல் ஓட்டம் முடிந்து ஏறக்குறைய ஐந்தாண்டுகளும், இரண்டாம் ஓட்டம் முடிந்து ஏறக்குறைய நான்காண்டுகளும் கடந்திருந்தன. இரண்டு ஓட்டங்களிலும் அவர் இரண்டாவதாக வந்தவர் என்றே அதுவரை உலகம் எண்ணியிருந்தது. உண்மையில் அவருக்கு முன்னால் ஓடியவர் நேர்மையாக ஓடவில்லை.

அந்தப் பெண்மணியின் பெயர் ஹபீபா கரீபி. 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் என்னும் தடை தாண்டும் நெடு ஓட்டத்தில் சர்வதேச அரங்கில் பல்லாண்டுகள் ஓடியவர். அவருடைய வாழ்க்கையை வெற்றி தோல்விகளின் பட்டியலாக மட்டும் படித்து முடித்துவிட இயலாது. பிறருடைய உரிமையைப் பறிப்பது எத்தகைய குற்றம், பறிக்கப்பட்டது திரும்பி வந்தாலும் எவ்வளவு திரும்பி வருகிறது என்னும் கேள்விகள் அதனுள் அடங்கியிருக்கின்றன.

கைரவானில் பிறந்தவர்

ஹபீபா கரீபி 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் துனிசியாவின் கைரவான் நகரில் பிறந்தார். இஸ்லாமிய வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்நகரம் புதியதன்று. கி.பி. 670 அளவில் உக்பா இப்னு நாஃபிஉ அவர்களால் நிறுவப்பட்ட நகரம் இது. அவர் பெயரால் அழைக்கப்படும் பெரிய பள்ளிவாசல், வட ஆப்பிரிக்காவின் மிகப் பழமையான இறையில்லங்களுள் ஒன்றாக இன்றும் நிற்கிறது. மாலிகி மத்ஹபின் சட்டக் கல்வி மேற்கே பரவியதற்குக் கைரவானின் அறிஞர்கள் பெருங்காரணமாக விளங்கினர். மொராக்கோவின் ஃபெஸ் நகரில் கராவிய்யீன் பள்ளிவாசலை நிறுவியவர் என்று மரபாகப் போற்றப்படும் பாத்திமா அல்ஃபிஹ்ரி அவர்களின் குடும்பமும் இவ்வூரிலிருந்து சென்றதே. யுனெஸ்கோ நிறுவனம் 1988இல் கைரவானை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஓட்டத்துறையிலும் துனிசியாவுக்கு ஒரு மரபு உண்டு. முஹம்மது கம்மூதி 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளி வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் 5,000 மீட்டர் ஓட்டத்தில், புகழ்பெற்ற கென்ய வீரர் கிப் கெய்னோவை நூலிழையில் முந்தித் தங்கம் வென்றார். 1972 மியூனிக்கில் மீண்டும் ஒரு வெள்ளி பெற்றார். அவருக்குப் பின் நாற்பதாண்டுக் காலம், நீச்சல் வீரர் உஸாமா மல்லூலி 2008இல் தங்கம் வெல்லும் வரை, துனிசியாவுக்கு இன்னொரு ஒலிம்பிக் தங்கம் வாய்க்கவில்லை. துனிசியப் பெண்களுக்கோ எந்த ஒலிம்பிக் பதக்கமும் கிடைத்ததில்லை.

ஆயினும் அண்டை நாடுகளின் பெண்கள் வழி காட்டியிருந்தனர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மொராக்கோவின் நவால் அல்முதவக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்று, அரபுலகப் பெண்களில் முதல் ஒலிம்பிக் சாம்பியனானார். ஹபீபா பிறந்த அதே ஆண்டு அது. 1992 பார்சிலோனாவில் அல்ஜீரியாவின் ஹசீபா பூல்மர்க்கா 1,500 மீட்டரில் தங்கம் வென்றார். தம் நாடு உள்நாட்டுக் கலவரத்தில் மூழ்கத் தொடங்கிய காலத்தில், மிரட்டல்களுக்கு நடுவே அவர் ஓடினார். மக்ரிப் நாடுகளின் பெண்பிள்ளைகள் ஓட்டப் பாதையில் கால் வைப்பதற்கு இவ்விருவரின் பெயர்களும் துணையாக இருந்தன.

ஸ்டீபிள்சேஸ் என்னும் ஓட்டம்

நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஓட்டம் இது. ஆகவே அதன் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

'ஸ்டீபிள்' என்றால் தேவாலயத்தின் கூர்ங்கோபுரம். அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் ஓர் ஊரின் கோபுரத்திலிருந்து அடுத்த ஊரின் கோபுரத்தை இலக்காக வைத்துக் குதிரைகளில் பந்தயம் ஓடும் வழக்கம் இருந்தது. இடையில் வேலிகளும் கற்சுவர்களும் ஓடைகளும் குறுக்கிடும். அனைத்தையும் தாண்டியே செல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபர்டு மாணவர்கள் குதிரையை விட்டுவிட்டுக் கால்நடையாகவே அப்பந்தயத்தை ஓடத் தொடங்கினர். அதுவே பின்னாளில் விளையாட்டரங்கத்தினுள் கொண்டுவரப்பட்டது. இன்று அரங்கில் நிற்கும் மரத்தடை பழைய வேலியின் நினைவாகவும், நீர்க்குழி பழைய ஓடையின் நினைவாகவும் இருக்கின்றன.

3,000 மீட்டர் தொலைவில் 28 தடைகளையும் 7 நீர்த்தடைகளையும் தாண்ட வேண்டும். ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர், பெண்களுக்கு 76.2 சென்டிமீட்டர். சாதாரணத் தடை ஓட்டத்தில் கால் பட்டால் தடை சரிந்துவிடும். இங்கோ தடை கனமான உத்திரம் போன்றது. மோதினால் தடை அசையாது; ஓடுபவரே விழுவார். நீர்த்தடையைத் தாண்டியதும் 3.66 மீட்டர் நீளமுள்ள குழி காத்திருக்கும். தடைக்கு அருகே ஆழமாகவும், போகப் போக மேடாகவும் அது அமைந்திருக்கும். எவ்வளவு தூரம் பாய்கிறோமோ அவ்வளவுக்குத் தண்ணீர் குறைவு. களைத்துப்போன கால்களோடு பாய்பவர் ஆழத்தில் விழுவார். நனைந்த காலணியோடு எஞ்சிய சுற்றுகளை ஓட வேண்டும்.

ஆகவே இவ்வோட்டத்திற்கு நெடுந்தொலைவு ஓடுபவரின் நுரையீரலும், தடை தாண்டுபவரின் காலளவும் ஒருங்கே வேண்டும். மூச்சு முட்டும் நேரத்திலும் அடுத்த தடைக்கு எத்தனை அடிகள் உள்ளன என்று கணக்கிடும் நிதானம் வேண்டும். ஒரேயொரு தவறான அடி பல மாத உழைப்பைக் கவிழ்த்துவிடும்.

நூறாண்டு கழித்துத் திறந்த கதவு

ஆண்களுக்கான ஸ்டீபிள்சேஸ் 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்டது. பெண்களுக்கு அது 2008 பீஜிங் ஒலிம்பிக்கில்தான் கிடைத்தது. இடையில் 108 ஆண்டுகள்.

இத்தாமதத்திற்குப் பின்னே ஒரு நெடிய வரலாறு உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினர். ஓட்டத்தின் முடிவில் சிலர் களைப்புற்றதைப் பெரிதுபடுத்தி, பெண்களின் உடல் இத்தொலைவைத் தாங்காது என்று அன்றைய ஐரோப்பியப் பத்திரிகைகளும் அதிகாரிகளும் தீர்ப்பெழுதினர். அவ்வோட்டம் நீக்கப்பட்டு, 1960இல்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. 1,500 மீட்டர் 1972இலும், மாரத்தான் 1984இலும், 10,000 மீட்டர் 1988இலும் பெண்களுக்குக் கிடைத்தன. ஒவ்வொரு தொலைவையும் ஓடிக் காட்டிய பிறகே அடுத்த தொலைவுக்கு அனுமதி கிடைத்தது. இவ்வரிசையின் கடைசிக் கதவுகளுள் ஒன்றுதான் ஸ்டீபிள்சேஸ். பெண்களை முடக்கி வைத்தவை கிழக்கத்திய நாடுகள் மட்டுமே என்னும் பொதுக் கருத்துக்கு இவ்வரலாறு தக்க மறுமொழி.

உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் ஸ்டீபிள்சேஸ் முதன்முதலாக 2005இல் பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் நடைபெற்றது. உகாண்டாவின் டோர்கஸ் இன்சிகுரு முதல் சாம்பியனானார். 21 வயது ஹபீபாவும் அங்கே களத்தில் இருந்தார். ஓர் ஓட்டம் உலக அரங்கில் பிறந்தபோதே அதனோடு சேர்ந்து வளரத் தொடங்கியவர் அவர்.

பீஜிங்கும் பெர்லினும்

2008 பீஜிங்கில் ஹபீபா இறுதிச்சுற்று வரை வந்தார், 13ஆம் இடம். ரஷ்யாவின் குல்னாரா கல்கினா 8 நிமிடம் 58.81 விநாடியில் ஓடி, ஒன்பது நிமிடத்திற்குள் இத்தொலைவைக் கடந்த முதல் பெண்ணானார்.

மறு ஆண்டு பெர்லின் உலகப் போட்டியில் ஹபீபா பெரும் முன்னேற்றம் காட்டினார். 9 நிமிடம் 12.52 விநாடியில் ஓடி ஆறாவதாக வந்தார். ஐந்தாவதாக வந்த அமெரிக்க வீராங்கனைக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அன்று தங்கம் வென்றவர் ஸ்பெயினின் மார்தா தொமிங்கஸ். ஊக்கமருந்துக் குற்றத்தின் பேரில் அவருடைய பட்டம் 2015இல் பறிக்கப்பட்டது. பீஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ரஷ்யாவின் யெகதெரீனா வோல்கோவாவின் பதக்கமும், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த மாதிரியை மறுபடி சோதித்தபோது பறிபோனது. ஹபீபா எத்தகைய களத்தில் ஓடிக்கொண்டிருந்தார் என்பதற்கு இவ்விரண்டு செய்திகளே போதும். தன் அருகில் ஓடுபவரின் வேகம் உழைப்பால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று அறிய இயலாத நிலையில் அவர் ஆண்டுதோறும் பயிற்சி செய்தார்.

தேகுவிலும் லண்டனிலும்

2011 ஜனவரி 14 அன்று துனிசிய அதிபர் பின் அலி நாட்டை விட்டு வெளியேறினார். அரபுலகமெங்கும் பரவிய எழுச்சியின் தொடக்கம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேகு நகரில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. ஸ்டீபிள்சேஸ் இறுதியில் ரஷ்யாவின் யூலியா ஸரிபோவா 9 நிமிடம் 7.03 விநாடியில் முதலாவதாக வந்தார். ஹபீபா 9 நிமிடம் 11.97 விநாடியில் இரண்டாவது. கென்யாவின் மில்கா செமோஸ் மூன்றாவது. புதிய துனிசியாவின் கொடி உலகத் தடகள மேடையில் ஏறியது; ஆனால் நடுவில் இருந்த உயரமான படியில் அன்று.

அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக். அவ்வாண்டின் ஒலிம்பிக் புனித ரமழான் மாதத்தில் அமைந்திருந்ததை வாசகர்கள் நினைவுகூரலாம். ஆகஸ்ட் 6 அன்று இறுதி ஓட்டம். ஸரிபோவா கடைசிச் சுற்றுகளில் வேகத்தைக் கூட்டி முன்னேற, ஹபீபா அவரை விடாது தொடர்ந்தார். முடிவில் ஸரிபோவா 9 நிமிடம் 6.72 விநாடி, ஹபீபா 9 நிமிடம் 8.37 விநாடி. இடைவெளி இரண்டு விநாடிகூட இல்லை. எத்தியோப்பியாவின் சோஃபியா அஸெஃபா 9 நிமிடம் 9.84 விநாடியிலும், மில்கா செமோஸ் அவருக்கு ஒரு விநாடியில் நூற்றில் நான்கு பங்கு பின்னாலும் வந்தனர்.

ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் துனிசியப் பெண் என்னும் பெருமை ஹபீபாவுக்குக் கிடைத்தது. அப்பதக்கத்தைத் துனிசிய மக்களுக்கும், துனிசியப் பெண்களுக்கும், புதிய துனிசியாவுக்கும் உரியதாக்குவதாக அவர் கூறினார்.

அன்றைய துனிசியாவில் அச்சொற்களுக்குத் தனிப் பொருள் இருந்தது. புதிய அரசியல் சாசனத்தின் வரைவில், பெண்ணை ஆணுக்குத் துணைநிறைவானவள் என்று குறிப்பிடும் ஒரு வாசகம் இடம்பெற்றதால் கடும் விவாதம் எழுந்திருந்தது. லண்டன் ஓட்டம் முடிந்து ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, ஆயிரக்கணக்கானோர் துனிஸ் வீதிகளில் திரண்டனர். 2014இல் நிறைவேறிய சாசனத்தில் அவ்வாசகம் இடம்பெறவில்லை. இச்சூழலில் ஹபீபாவின் ஓட்ட உடையும் விவாதப் பொருளானது. நாட்டில் சிலர் அதனைக் கடுமையாகச் சாடினர். வேறு பலர் அவருக்கு ஆதரவாக எழுதினர். உடையைப் பற்றிய மார்க்க வரையறைகள் நம் இல்லங்களில் அறியப்பட்டவையே. அவற்றைக் குறித்து இங்கே விவாதிப்பது நோக்கமன்று. அவருடைய உடையைப் பற்றி அவ்வளவு பேசப்பட்ட அந்நாட்களில், அவரிடமிருந்து ஒரு பொருள் களவு போயிருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இரத்தம் சொன்ன சாட்சி

ஊக்கமருந்து பிடிபடும் முறை பெரும்பாலும் ஒன்றே: சிறுநீர் மாதிரியில் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆனால் இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும் முறைகளைக் கையாள்பவர்கள், பொருள் உடலை விட்டு நீங்கிய பிறகு சோதனைக்கு வந்து தப்பிவிடுவர். சிவப்பணுக்கள் மிகுந்தால் தசைகளுக்கு ஆக்சிஜன் மிகுதியாகச் சேரும். நெடுந்தொலைவு ஓடுபவருக்கு அது பேருதவி. பொருள் மறைந்தாலும் அதன் விளைவு உடலில் நீடிக்கும்.

இதனைக் கண்டறிவதற்காக 2009 முதல் தடகளத்தில் 'உயிரியல் கடவுச்சீட்டு' என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு வீரரின் இரத்தத்தைப் பல முறை எடுத்து, ஹீமோகுளோபின் அளவு, புதிதாகத் தோன்றிய இளஞ்சிவப்பணுக்களின் விகிதம் முதலியவற்றைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்வர். ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிடாமல், அவரை அவரோடே ஒப்பிடுவது இதன் அடிப்படை. இயற்கையாக நிகழ முடியாத ஏற்ற இறக்கம் தென்பட்டால், நிபுணர் குழு அதனை ஆராயும். தேகு போட்டியில் பங்கேற்ற வீரர் வீராங்கனையர் அனைவரிடமும் இரத்த மாதிரி எடுக்கப்பட்டது. எந்த மேடையில் ஏமாற்று நடந்ததோ, அந்த மேடையின் பின்னாலேயே சாட்சியமும் சேகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

2015 ஜனவரியில் ரஷ்யாவின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு, இரத்தப் பதிவுகளில் கண்ட முறைகேடுகளின் பேரில் ஸரிபோவாவுக்கு இரண்டரை ஆண்டுத் தடை விதித்தது. அவரோடு புகழ்பெற்ற நடை ஓட்ட வீரர்கள் சிலரும் தண்டிக்கப்பட்டனர். ஆனால் அவ்வமைப்பு, அவர்களுடைய முடிவுகள் அனைத்தையும் நீக்காமல், தான் தேர்ந்தெடுத்த சில காலப் பகுதிகளை மட்டுமே நீக்கியது. திருடியது உண்மை, ஆனால் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டியதில்லை என்பது போன்ற தீர்ப்பு அது. சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு இதனை ஏற்கவில்லை; சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 2016 மார்ச் மாதத்தில் மன்றம் தீர்ப்பளித்தது: 2011 ஜூலை முதல் 2013 ஜூலை வரை ஸரிபோவா பெற்ற முடிவுகள் அனைத்தும் செல்லாதவை. தேகுவின் தங்கமும் லண்டனின் தங்கமும் அவ்விரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கின.

திரும்பி வந்ததும் வராததும்

ஆகவே இரண்டு தங்கங்களும் ஹபீபாவுக்குரியவையாயின. லண்டன் வரிசையில் சோஃபியா அஸெஃபா வெள்ளிக்கும், நான்காவதாக வந்து வெறுங்கையோடு திரும்பிய மில்கா செமோஸ் வெண்கலத்துக்கும் உயர்ந்தனர். தேகு வரிசையில் செமோஸுக்கு வெள்ளியும், நான்காவதாக வந்த கென்யாவின் மெர்சி ன்ஜொரோகேவுக்கு வெண்கலமும் உரியவையாயின. ஒருவர் செய்த ஏமாற்று ஒருவரை மட்டும் பாதிப்பதில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒவ்வொருவரும் ஒரு படி கீழே தள்ளப்பட்டிருந்தனர். நான்காவதாக வந்தவருக்கு நேர்ந்த அநீதி, இரண்டாவதாக வந்தவருடையதைவிடப் பெரிது. அவர் மேடையிலேயே ஏறவில்லை.

பதக்கம் திரும்பி வந்தது. வேறு பல திரும்பி வரவில்லை. லண்டன் அரங்கில் எண்பதாயிரம் பேர் எழுந்து நிற்கத் துனிசிய நாட்டுப் பண் ஒலித்திருக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்களை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தர இயலாது. தேகு போட்டியில் தங்கத்துக்கான பரிசுத் தொகை 60,000 டாலர். வெள்ளிக்கு 30,000 டாலர். அந்தப் பாதித் தொகையைவிடவும் பெரிது, ஒலிம்பிக் சாம்பியன் என்னும் அடைமொழியோடு ஒருவர் நான்காண்டுகள் ஓடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஒப்பந்தங்களும் அழைப்புகளும். ஓட்ட வீரரின் வாழ்வில் உச்ச ஆண்டுகள் மிகச் சில. அவற்றில் நான்கைந்து ஆண்டுகள் 'இரண்டாவதாக வந்தவர்' என்னும் பெயரோடு கழிந்துவிட்டன.

தொழுகையாளிகளான வணிகர்கள்கூட அஞ்ச வேண்டிய ஒரு குற்றத்தின் பெயரால் குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு: அல்முதஃப்ஃபிஃபீன், அளவில் மோசடி செய்வோர். தராசின் தட்டில் விரலை வைத்து அழுத்துபவனுக்கும், தன் இரத்தத்தின் அளவை மறைவாக மாற்றிக்கொண்டு ஓடுபவருக்கும் செயலளவில் வேறுபாடு இல்லை. இரண்டிலும் அளவுகோல் பொய்யாக்கப்படுகிறது. இரண்டிலும் எதிரே நிற்பவர் நம்பிக்கையோடு நிற்கிறார்.

கடைசிச் சுற்றுகள்

தீர்ப்புக்காகக் காத்திருந்த காலத்தில் ஹபீபா சும்மா இருக்கவில்லை. 2015 ஆகஸ்டில் பீஜிங் உலகப் போட்டியின் இறுதி ஓட்டம், இவ்வோட்டத்தின் வரலாற்றில் மிக நெருக்கமானவற்றுள் ஒன்றாக அமைந்தது. கென்யாவின் ஹைவின் ஜெப்கெமோய் 9 நிமிடம் 19.11 விநாடி, ஹபீபா 19.24, ஜெர்மனியின் கேஸா கிராவுஸே 19.25. மூவருக்கும் இடையே இருந்தது ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு. இம்முறை ஹபீபா உண்மையாகவே இரண்டாவது. தோற்றார், ஆனால் அது களத்தில் நேர்ந்த தோல்வி. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இரண்டு வாரங்கள் கழித்து, செப்டம்பர் 11 அன்று, பிரசெல்ஸ் நகரில் அவர் தம் வாழ்வின் மிக விரைவான ஓட்டத்தை ஓடினார்: 9 நிமிடம் 5.36 விநாடி. அது அப்போது ஆப்பிரிக்கச் சாதனையாக இருந்தது. லண்டனில் ஸரிபோவா ஓடிய 9 நிமிடம் 6.72 விநாடியைவிட அது விரைவானது. மருந்தின் துணையோடு மற்றொருவர் அன்று எட்டிய வேகத்தைத் தம் 31ஆம் வயதில் ஹபீபா கடந்து சென்றார்.

2016 ரியோ ஒலிம்பிக்கிற்கு அவர் லண்டனின் சாம்பியனாகச் சென்றார். பதக்கங்கள் கைக்கு வந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அங்கே அவருக்கு 12ஆம் இடமே கிடைத்தது. பஹ்ரைனுக்காக ஓடிய ரூத் ஜெபெட் தங்கம் வென்றார். அவரும் பின்னாளில், 2017 இறுதியில் எடுக்கப்பட்ட மாதிரியின் பேரில், ஊக்கமருந்துக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார் என்பது வருந்தத்தக்கது. அதே ரியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் ஈனாஸ் பூபக்ரியும், மல்யுத்தத்தில் மர்வா அம்ரியும் துனிசியாவுக்கு வெண்கலம் வென்று தந்தனர். நான்காண்டுகளுக்கு முன்வரை ஒலிம்பிக் பதக்கம் பெற்ற பெண் ஒருவர்கூட இல்லாத நாடு அது.

நம் இல்லங்களில்

இவ்வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, 'பொறுத்தார். இறுதியில் வென்றார்' என்று சுருக்கிவிடுவது எளிது. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. ஹபீபாவின் பொறுமை மட்டுமே அவருக்குப் பதக்கத்தைக் கொண்டுவரவில்லை. இரத்த மாதிரிகளைச் சேகரித்தவர்கள், ஆண்டுக்கணக்கில் எண்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், அரைகுறைத் தீர்ப்பை ஏற்காமல் மேல்முறையீடு செய்தவர்கள் எனப் பலரின் உழைப்பு அதன் பின்னே இருந்தது. பொறுமை பாதிக்கப்பட்டவரின் கடமை என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் விலகி நின்றிருந்தால், அத்தங்கம் இன்றும் உரியவரல்லாதவரிடமே இருந்திருக்கும். அநீதியைக் கண்டவர் அதனைப் பதிவு செய்வதும், முறையிடுவதும், விடாது தொடர்வதும் பொறுமைக்கு எதிரானவை அல்ல.

இன்னொன்றும் உண்டு. தேர்வறையில் பக்கத்து மாணவனின் தாளைப் பார்த்து எழுதும் பிள்ளை, தான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்றே எண்ணுகிறது. தரவரிசையில் அதற்குக் கீழே தள்ளப்பட்ட பிள்ளையின் முகம் அதற்குத் தெரியாது. மெர்சி ன்ஜொரோகே என்னும் கென்யப் பெண்ணின் பெயரை நம்மில் எத்தனை பேர் இதற்கு முன் கேட்டிருப்போம்? ஏமாற்றினால் பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் நமக்குத் தெரியாதவராகவே இருக்கிறார். ஆகவேதான் அக்குற்றம் இலேசாகத் தோன்றுகிறது. அந்தத் தெரியாத மனிதருக்கும் ஒரு ஹக் உண்டு என்பதைப் பிள்ளைகளின் மனத்தில் பதிய வைப்பது பெற்றோரின் பொறுப்பு.

லண்டன் ஒலிம்பிக்கின் ஏடுகளில் பெண்கள் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் என்ற தலைப்பின் கீழ் இன்று முதற்பெயராக நிற்பது கைரவானைச் சேர்ந்த ஹபீபா கரீபியின் பெயர். அதற்கெதிரே உள்ள நேரம் 9 நிமிடம் 8.37 விநாடி. 2012 ஆகஸ்ட் 6ஆம் நாள் மாலையில் அவர் ஓடி முடித்தபோது பலகையில் ஒளிர்ந்ததும் அதே எண்ணே. அவருடைய ஓட்டத்தில் திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை.